கிழக்கு வரிசைத் தென்னைகள்

— மூணு தடவை எண்ணிட்டேங்க ஐயா. நாலாவது தடவை எண்ணினாலும் மட்டை கூடவும் போறதில்ல, குறையவும் போறதில்ல.

— அப்போ உன் வாயாலயே ஒரு தடவை சொல்லிடு, பூச்சியம்மா. இந்தச் சேதுராமன் காதாரக் கேக்கணும்.

— நம்ம கிளேபாங் தோப்புல வண்டி போற சடக்கோரம் இருக்கிற நாப்பது மரம் என் பங்கு. மருந்தே அடிக்காதது. பத்து மட்டைக்கு ஆறு மட்டையைப் புழு தின்னு, நெருப்புல வாட்டின மாதிரி கிடக்கு. கிழக்கே காட்டை ஒட்டின நாப்பது மரம் உங்க பங்கு. ஆறு மாசமா மருந்து அடிச்சது. அதுல பத்துக்கு ஒண்ணுதான் போயிருக்கு.

— சாரதா, கேட்டியா? சிங்கப்பூர் போய்ப் பட்டம் வாங்கின புள்ள, பூச்சியை எண்ணுறதுக்கே கவர்மெண்டு சம்பளம் குடுக்கிற புள்ள, தோத்துட்டேன்னு சொல்லுது. கோப்பி கொண்டா, சீனி தூக்கலா.

— கேட்டுச்சு, கேட்டுச்சு. காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஜெயிக்கிறவங்க கொஞ்சம் மெதுவா ஜெயிக்கக் கூடாதா? கமலவேணி, நீ பசியாறினியாம்மா?

— வேணாம்மா. தொண்டையில இறங்காது.

— இறங்காதுதான். பேச்சுன்னா பேச்சு. மாசி மகத்துக்கு மறுநாள், இதே மேசையில துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில விரல் புடிச்சுத்தானே எத்தனை மரம்னு முடிச்சோம். நீ எட்டு விரல், எண்பது மரம்னு வந்த. நான் ரெண்டுல நின்னேன். நாலுல படிஞ்சுது.

— நீங்க எங்க விரலைப் புடிச்சீங்க? கல்யாணமாகாத புள்ள விரலை நீங்க தொடக் கூடாதுன்னு என் கையை இல்ல நடுவுல வச்சீங்க. அது விரலைத் தடவிப் பாத்து உங்ககிட்டச் சொன்னதும், உங்க விரலை அதுகிட்டச் சொன்னதும் நான். அரிசி மண்டியில கூட அப்படி ஒரு தரகு நடந்திருக்காது.

— இல்லன்னு யாரு சொன்னா? நல்ல தரகு. புள்ள மரம் பச்சையா நின்னா காட்டைப் பத்து வருஷத்துக்குத் தொடமாட்டேன். என் மரம் பச்சையா நின்னா காட்டை வெட்டித் தென்னை வைப்பேன். பொய்யாத விநாயகர் கோயில்ல கற்பூரம் ஏத்திக் கையடிச்ச பேச்சு. அஞ்சு மணிக்கு மரம் வெட்டுற சீன முதலாளி, நம்ம தவுக்கே, பத்திரத்தோட வர்றாரு.

— பேச்சை நான் மாத்தல ஐயா. ஆனா அன்னிக்கு நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா? காட்டோரத்து நாப்பதை மருந்தில்லாம விடுங்கன்னு கேட்டேன். நீங்க குடுத்தது சடக்கோரம்.

— பின்னே? புழு காட்டுலேர்ந்துதானே வருது. எதிராளி வாசல்ல காவலை எடுத்துட்டு, பின்பக்கம் சந்துல காவல் போடுவாங்களா? யாவாரிகிட்ட வந்து கேக்குறியே.

— யாவாரியாவே யோசிச்சுப் பாருங்க. காடு ஒரு பெரிய பசார். ஆயிரம் சரக்கு, ஆயிரம் கடை, ஒவ்வொரு முக்குலயும் ஒருத்தர் கண்ணு. உங்க தோப்பு ஒரே சரக்கு வச்ச கிடங்கு. காவலும் கிடையாது. திருடனுக்கு எது வசதி?

— கிடங்குதான். அதுல என்ன சந்தேகம்?

— அந்தக் காட்டுல ரெண்டு வருஷமா நான் எண்ணின பூச்சி நூத்திப் பதிமூணு வகை. அதுல தென்னையைத் தொடுறது நாலே நாலு. அந்த நாலைத் தின்கிறது மட்டும் பத்தொன்பது.

— நூத்திப் பதிமூணு குடித்தனம். ஒருத்தனும் வாடகை தந்ததில்ல.

— தந்துட்டுத்தான் இருக்காங்க, உங்களுக்கு ரசீது வரல. இந்தப் பாட்டிலைப் பாருங்க. கிழக்கு வரிசையில, உங்க மரத்துல எடுத்த கூட்டுப்புழு நூறு. அந்துப்பூச்சியா வெளிய வந்தது பதினாலுதான். மீதி அத்தனையிலயும் வந்தது இந்தக் குட்டிக் குளவி.

— இதுவா? எள்ளு மாதிரி இருக்கு.

— இந்த எள்ளுதான் புழு உடம்புல முட்டை வைக்குது. குஞ்சு உள்ளேயே தின்னு வளந்து, புழுவைக் காலி பண்ணிட்டு வெளிய வருது.

— குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரனையே முழுங்கிட்டானா? பசார்ல அப்படி ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

— தாய்க் குளவிக்குக் குடிக்கத் தேன் வேணும். தென்னந்தோப்புல புல்லைக்கூட விடாம சொரண்டி வச்சிருக்கீங்க. தேன் இருக்கிறது காட்டுப் பூவுலதான். அதனால காட்டோரத்துக்குத்தான் முதல்ல வரும். சடக்கோரம் வர்றதுக்குள்ள பாதி காத்துல போயிடும். எல்லாம் சரி. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். மருந்து அடிச்ச மரத்துல புழுவுக்கு முன்னாடி சாக வேண்டியது இந்தக் குளவி. உங்க மரத்துல அது திருவிழா கொண்டாடுது.

— கோப்பி ஆறுது. ரெண்டு பேரும் குடிச்சிட்டு அப்புறம் திருவிழா பேசுங்க.

— ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க வாங்கின மருந்து கலப்படமா இருக்குமோ?

— கலப்படமா? எனக்கா? இருபத்தாறு வருஷமா அரிசி மண்டி வச்சிருக்கேன். மூட்டையைத் தட்டுற சத்தத்துலயே பழசா புதுசான்னு சொல்றவன். எனக்குக் கலப்படம் விக்க எவனும் இன்னும் பொறக்கல தாயி. சீல் வச்ச டின்னு எட்டு. தோப்பு வேலைக்கார நல்லையா மூங்கில்ல பம்பைக் கட்டி அடிக்கறப்ப ஒவ்வொரு தடவையும் நானே நின்னு பாத்தேன். பால் மாதிரி வெள்ளை வெளேர்னு விழுந்துச்சு.

— மரத்துக்குப் பக்கத்துலயா நின்னீங்க?

— சடக்குலதான் நின்னேன், குடையைப் புடிச்சிட்டு. அந்த நாத்தம் எனக்குத் தலைவலி குடுக்கும்னு இவதான் கிட்டப் போக விடல. புருஷன் மேல அவ்வளவு கரிசனம்.

— கரிசனம் புருஷன் மேல மட்டும் இல்ல. போன வருஷம், மெர்டேக்கான்னு சுதந்திரக் கொடி ஏத்தின வாரம், மொத மொத மருந்து அடிச்சீங்களே. தோப்புல மேய விட்டு, கீழ விழுந்த புழுவைக் கொத்தின என் கோழி பதினொண்ணும் காலை இழுத்து இழுத்துச் செத்துச்சு. மறந்துட்டீங்களா?

— அது கோழிச்சீக்குன்னு எத்தனை தடவை சொல்றது? இந்த வருஷம் பாரு, ஆறு மாசமா அதே மருந்தைத்தான் அடிக்கிறோம், உன் கோழி ஒண்ணாவது செத்துச்சா? கொழுத்துப் போய்த் திரியுது. கணக்குப் படிச்ச புள்ள, நீயே தீர்ப்புச் சொல்லு.

— சாகலையா? ஒண்ணுகூடவா?

— ஒண்ணுகூட. இப்பல்லாம் இவ கையில எதுவும் மிச்சமாகுறதில்ல, அது ஒண்ணுதான் கவலை. நேத்து பால்கார மாணிக்கவாசகம் வழிமறிச்சுக் கேக்குறாரு, உங்க வீட்டுக் கழனித்தண்ணி ஆறு மாசமா என் மாட்டுக்கு வர்றதில்லையேன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்?

— வேற வேலைக்கு ஆகுதுன்னு சொல்லுங்க.

— அரிசி களைஞ்ச தண்ணிக்கு அப்படி என்ன உத்தியோகம்?

— எங்க ஆபீஸ்ல வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கோப்புல எழுதி வச்சிருக்காரு ஐயா. காட்டை ஒழி, மருந்தை அடி, ரெண்டே வரி. மலாக்காவுல மிச்சம் இருக்கிற துண்டுக் காடு அத்தனைக்கும் அதுதான் தலையெழுத்து. அதை மறுத்துப் பேச என்கிட்ட இருந்தது உங்க தோப்புக் கணக்கு ஒண்ணுதான். அதுவும் இப்ப துரை பக்கம் சாஞ்சிருச்சு.

— அப்போ மாத்தி எழுதேன். ஆறை மூணாக்கு, ஒண்ணை அஞ்சாக்கு. யாரு வந்து மட்டையை எண்ணப் போறா?

— மூட்டையில ஈர அரிசியைக் கலந்து நீங்க வித்ததுண்டா?

— இல்ல.

— அது மாதிரித்தான்.

— சாரதா, இது நம்ம வீட்டுல பொறந்திருக்க வேண்டிய புள்ள. சரி தாயி, தோத்தவங்களுக்கு ஒரு கொசுறு உண்டு. கேளு.

— ஒரு மாசம் தவணை. வெட்டுறதுக்கு முன்னாடி காட்டுல இருக்கிறதை எல்லாம் எழுதி முடிச்சிடறேன்.

— மூணு நாள்.

— மூணு வாரம்.

— ஒரு வாரம். அதுக்கு மேல போனா மரம் ஏத்துற காடிக்காரனுக்கு நிறுத்துக்கூலி குடுன்னு தவுக்கே கேப்பாரு.

— பத்து நாள் ஐயா. துண்டு போட்டுக்கூடப் பேசலாம், அம்மா கை இருக்கு.

— என் கையை இழுக்காதீங்க. ஏற்கெனவே பிடிச்ச விரலே என்னைத் தூங்க விடல.

— இவளுக்கு என்னாச்சு இன்னிக்கு? சரி, பத்து நாள். அந்தா, வாசல்ல தவுக்கே காடி வந்து நிக்கிற சத்தம். பேனாவை எடு சாரதா. நல்ல தரகுக்காரிக்கு உண்டானதை வாங்கிக்க, உனக்குக் காங்கு சேலை எடுத்துத் தர்றேன்.

— தரகுக்கு ஒரு தர்மம் இருக்குன்னு அடிக்கடி சொல்வீங்களே, அது என்ன?

— தெரியாத மாதிரி கேக்குறியே. சரக்குல குறை இருந்தா, கை மாறுறதுக்கு முன்னாடி தரகன் சொல்லிடணும். மறைச்சா வித்தவன் பாவமும் வாங்கினவன் பாவமும் அவன் தலையில. ஏன் பேனாவைப் பின்னால வச்சிருக்க?

— கோழி சாகக் கூடாதுன்னுதான் நினைச்சேன், காட்டைப் பத்தி நினைக்கவே இல்ல, விநாயகர் சாட்சி. கமலவேணி, அந்தப் பாட்டிலைப் பத்திரமா வை. ஏங்க, தவுக்கேயை உக்காரச் சொல்லிட்டுப் பின்கட்டுக்கு வந்து பாருங்க: மருந்து டின்னு எட்டும் விறகுக்குப் பின்னால சீல் ஒடையாம இருக்கு, ஆறு மாசமா நல்லையா உங்க கிழக்கு வரிசைக்கு அடிச்சது நான் குடுத்தனுப்பின கழனித்தண்ணி.