நாலு நிமிஷம் தட்டினவர்

ராத்திரி ஒன்றே முக்கால். லாரிகள் மட்டும் போகிற ரோடு. அந்த நேரத்தில் லாரியும் இல்லை. ரெண்டு பக்கமும் கிடங்குகள்... ஷட்டர் எல்லாம் இறக்கியிருக்கிறது. மூன்று விளக்குக்கு ஒன்றுதான் எரிகிறது. அந்த ரோட்டில் ஒரு ஆள் தனியாக நடந்து போகிறார். தோளில் பை. காதில் பெரிய ஹெட்போன். கையில் ஒரு கம்பு, கம்பு நுனியில் மைக்.

"அந்த நேரத்துல மைக்கைத் தூக்கிட்டு எங்கய்யா? கச்சேரிக்கா?" என்றான் எங்களோடு மூட்டை தூக்குகிற குட்டையன்.

சிரிக்காதே. லாரி வர நேரமிருக்கிறது. கரண்ட் இல்லை, மழையும் விடவில்லை. சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேளுங்கள். இது நம்ம ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அதோ, அவனே உட்கார்ந்திருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்துவான்.

ஃபோர்க்லிஃப்ட்காரன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவருக்கு கேம் கம்பெனியில் வேலை. சத்தம் பிடிக்கிற வேலை. கேமில் எலும்பு முறியணும் என்றால், இவர் காய்ந்த குச்சியை ஈரத்துணியில் சுற்றி மைக் பக்கத்தில் உடைப்பார். ஒன்று சொல்லணும். ரெகார்டிங் ஓடும்போது இருமல் வந்தால்கூட முழுங்கிவிடுவார். ஒரு தடவை சொந்தப் பிள்ளை படியில் விழுந்து அழுதிருக்கிறது. கையை நீட்டி "இரு"ன்னு காட்டிவிட்டு, எடுத்துக்கொண்டிருந்ததை முடித்த பிறகுதான் தூக்கினாராம்.

"அக்கா அன்னைக்கே வெளக்கமாத்தைத் தூக்கிருக்கணும்," என்றான் ஃபோர்க்லிஃப்ட்காரன்.

அப்போது அவர்கள் பண்ணிக்கொண்டிருந்தது ஒரு பேய் கேம். பாழடைந்த ஆலைக்குள் ஒருத்தன் மாட்டிக்கொள்கிறான். விடிகிறவரை உயிரோடு இருக்கணும், அவ்வளவுதான். துப்பாக்கியில் மூன்றே குண்டு. பையில் ஆறு சாமான்தான் வைக்கலாம்.

"ஆறா? நம்ம சுமைதூக்குறவங்க சங்கத்துல அவனுக்கு கார்டே கெடைக்காது," என்றான் குட்டையன்.

அந்த ஆலைக்கு மோட்டார் உறுமுகிற சத்தம் வேணும். அதற்காகத்தான் ஒரு ஐஸ் கிடங்கில் அனுமதி வாங்கிக்கொண்டு ராத்திரியில் போனார். காவலாளி கதவைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். உள்ளே நீளமான நடை. அமோனியா நெடி, மீன் வாடை. மோட்டார் ஒரே சுதியில் ஓடுகிறது... ரெகார்டரைப் போட்டார்.

டொக்.

நின்று கேட்டார்.

டொக்... டொக்.

கடைசி ஐஸ் ரூம் கதவு. உள்ளேயிருந்து. இந்தக் கனத்துக்கு இரும்பு, நடுவில் ஒரு சாண் கண்ணாடி, அதில் முழுக்கப் பனி. நம்மைப் போல பெட்டி அடுக்குகிற ஆள் ஒருத்தர், சாயங்கால ஷிப்ட்டில் உள்ளே போனவர். கதவு சாத்திக்கொண்டது. நாம் செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே நுழைவோம்? அன்றைக்கு அதை யாரோ எடுத்துவிட்டார்கள்.

பத்து எட்டு வைத்தால் கதவு. வெளியே பெரிய கைப்பிடி. இழுத்தால் போதும்.

அவர் அசையவில்லை. நாலு நிமிஷம்... மைக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார். இப்படி ஒரு சத்தம் எங்கே கிடைக்கும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றார். அப்புறம் தட்டுவது நின்றது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. கதவைத் திறக்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பாவி," என்றார் பெரிய கங்காணி.

காலையில் பிணமாகத்தான் எடுத்தார்கள். கிடங்கு முதலாளி என்ன சொன்னான் தெரியுமா? "குடிச்சிட்டு உள்ள போய்ப் படுத்துட்டான்." அதையே எழுதி முடித்துவிட்டார்கள். அந்த மனுஷன் தண்ணியைத் தொடாதவர். அவர் சம்சாரம் கேட்டில் நின்று கத்தினாள், "என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டாருய்யா!" யார் காதில் விழும்? தெருவில் போனால் 'குடிகாரன் பொண்டாட்டி' என்றார்கள். கல்யாணம் பேசிவைத்திருந்த மகளுக்கு அதுவும் நின்றுபோனது.

இவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ரெகார்டிங்கில் விழுந்திருந்த பேச்சுக்குரலை எல்லாம் வெட்டினார். தட்டுகிற சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டார். ஆலையின் ஒரு கதவுக்கு அதைப் போட்டார்.

கேம் வெளியே வந்து சக்கைப்போடு போட்டது. விளையாடினவர்கள் நெட்டில் எழுதினதை ஃபோர்க்லிஃப்ட்காரன் காட்டினான். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். இருட்டு நல்லா இருக்காம். குண்டு பத்தாததால் கை நடுங்குதாம். அந்தக் கதவுச் சத்தத்துக்கு ஈடே இல்லையாம். குறை? ஓடுகிறவன் முதுகில் மூட்டை ஏற்றினவன் மாதிரி ஓடுகிறானாம். வரைபடம் புரியவில்லையாம். அப்புறம் எல்லாரும் எழுதின குறை ஒன்று. அந்த கேமில் ஒரே ஒரு அறையில் மட்டும் பேய் நுழையாது. விளக்கு எரியும், உட்காரலாம், மூச்சு வாங்கலாம். 'அந்த அறையிலும் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அங்கே எதற்கு வைத்தீர்கள்?'

அவர் அங்கே வைக்கவே இல்லை.

எடுக்கப் போனார். எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டது. கேமின் பெயர் விருதுக்குப் போயிருக்கிற நேரம். ராத்திரி பகலாக உட்கார்ந்து, கதவுக்குப் போட்டதையே மொத்தமாகத் தூக்கிவிட்டு மறுபடி அனுப்பினார். இப்போது கேமில் மழை இல்லை, காலடி இல்லை, பேயின் உறுமல் இல்லை. எல்லாம் ஊமை. தட்டுவது மட்டும்... ஒவ்வொரு அறையிலும்.

அவருக்கும் வீட்டில் கேட்க ஆரம்பித்தது. குளியலறைக் கதவில். பீரோவுக்குள். சோறு போட்டுத் தட்டை வைத்தால், தட்டுக்கு அடியில்.

ஒரு மத்தியானம் அவர் கண்ணசந்தபோது, மேஜையில் கிடந்த ஹெட்போனை அக்கா எடுத்து மாட்டினாள். வெட்டாத முதல் ரெகார்டிங் அதில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் போடவில்லை. தானாக.

"தம்பி... உன்னைக் கண்ணாடி வழியாப் பாக்குறேன்... உள்கைப்பிடி கழண்டு கையோட வந்துடுச்சு. ஒருவாட்டி இழுத்து விடு." டொக் டொக். "காதுல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டுப்பா... அதான் உனக்குக் கேக்கல."

கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறார், பாருங்கள். சாகிற நேரத்தில்கூட இவர்மேல் தப்பு சொல்லவில்லை.

அக்கா ஹெட்போனை வைத்துவிட்டு அவரை எழுப்பினாள். "குடிகாரன் பேசுற பேச்சா இது? நாளைக்குக் காலையில அந்தம்மா வீட்டுக்கு இதை எடுத்துட்டுப் போறோம். நீங்க வரலைன்னா நான் போறேன்."

"என் வேலை என்னாகும்னு யோசிச்சியா?"

"பொட்டழிஞ்ச அவ நெத்தியை யோசிச்சேன்."

அன்று சாயங்காலமே அவர் கம்பெனிக்குப் போனார். எதற்கு? அந்த நாலு நிமிஷத்தை அடியோடு அழிக்க. அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சாட்சியை.

ரெகார்டிங் அறை. சுவர் முழுக்க ஸ்பாஞ்சு. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. காலையில் கூட்டுகிற அம்மா தள்ளினாள், கதவு லேசாகத் திறந்தது. பூட்டவே இல்லை. ஏசியும் போடவில்லை, அறை வெந்துபோய்க் கிடந்தது. ஆனால் மீன் வாடை... அமோனியா நெடி... வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம்.

அவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். மீசையில் பனி. ரெண்டு கை முட்டியும் கிழிந்து எலும்பு தெரிந்தது. கதவில் ஒரு கீறல் இல்லை. ஹெட்போன் காதோடு ஒட்டி உறைந்துபோயிருந்தது. வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்களாம்.

"எடுக்கல," என்றான் ஃபோர்க்லிஃப்ட்காரன். முதல் தடவையாகத் திருத்தினான். "வரல. அதோடதான் எரிச்சோம்."

ரெகார்டிங் அழியவில்லை. அந்த ராத்திரியே கேம் வைத்திருக்கிற எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நாலு நிமிஷம், ஒரு சொல் வெட்டாமல். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கிடங்கு முதலாளி இப்போது ஜெயிலில் இருக்கிறான். அந்தம்மா தலை நிமிர்ந்து தெருவில் நடக்கிறாள். எனக்கு அந்த சவுண்டுக்காரர்மேல் இரக்கம் வரவில்லை. வரணுமா? நீங்களே சொல்லுங்கள்.

"அத்தோட விட்டுச்சா?" என்றான் குட்டையன். சாக்கு மூக்குவரை ஏறியிருந்தது.

போன வாரம் யாரோ புதிதாக எழுதியிருக்கிறார்கள். நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சத்தம் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. அந்த அறையில் இப்போது யாரும் தட்டுவதில்லை, நிம்மதியாக உட்காரலாம். கதவில் புதிதாக ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் ஹெட்போன் போட்ட ஒரு ஆள், அச்சு அசல் உயிருள்ள மனுஷன் மாதிரி. கேமிலேயே சிறந்த உருவம் அதுதான். ஒரே ஒரு குறை. அவர் என்னமோ கத்துகிறார், வாய் அசைகிறது... சத்தம் போட மறந்துவிட்டார்கள்.'