நான்கு நிமிடம் மூத்த முகம்

முகம் கழுவிய பிறகு துண்டால் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். நீங்கள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்த விதத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. வேறொன்றுமில்லை.

சாட்சியப் பொருளென்று மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்த நீலப் புட்டி என் தங்கையுடையது. நாங்கள் இரட்டையர். ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் நான்கு நிமிடம் மூத்தவள். "நாலு நிமிஷத்துக்கு ஒரு அக்காவா?" என்று கேலி செய்துகொண்டே கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். திறந்தவெளிக் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். எங்கே போனாலும் அவளைத்தான் எல்லோருக்கும் தெரியும். என்னைப் பார்ப்பவர்கள் அவளென்று நினைத்துச் சிரிப்பார்கள். இல்லையென்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நாற்பத்தொரு வருடம் அதைப் பார்த்தவள் நான்.

அப்போதுதான் இரட்டையரை வைத்துச் சோதித்துப் பார்க்க ஒரு கிரீம் கம்பெனி வந்தது. தோலுக்கு அடியில் கொலாஜன் என்கிற நார் கட்டில் கயிறு மாதிரி முகத்தை இழுத்துப் பிடித்திருக்கிறதாம். வயதானால் தொய்ந்துவிடுமாம். அவர்கள் கிரீமில் இருக்கும் பெப்டைடு என்கிற மருந்து அதை மறுபடி பின்னச் சொல்லுமாம். ஐந்து வருடம் நான் அதைப் பூச வேண்டும். தங்கைக்கு வெறும் கிரீம். வெயில் தோலைக் கெடுக்காமல் தடுக்கும் லோஷன் இருவருக்கும் ஒன்றே. சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். இருந்தாலும் எடுத்தது என் முகத்தை.

ஒரு வருடம் கழித்துக் கண்ணோரச் சுருக்கங்களை ரப்பர் பசையில் அச்செடுத்தார்கள். ஆய்வகப் பெண் இரண்டு அச்சையும் விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "எது யாரோடதுன்னு எனக்கே தெரியல மேடம்," என்றாள். மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா வேற ஜோடிதான் பாக்கணும்மா."

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். அதில் அவள்தான் இருந்தாள். பட்டினி, பயிற்சி, தூக்கம் என்று என் முகத்துக்குச் செய்யக்கூடியதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன். மீதி இருந்தது அவள் முகம் ஒன்றுதான்.

லோஷன் பெரிய கேனில் வரும். வாராவாரம் அவளுடைய இந்த நீலப் புட்டியை நிரப்புவது என் வேலை. அதில் லோஷனுக்குப் பதில் வெயிலைத் தடுக்காத சாதாரண மாய்ஸ்சரைசரை நிரப்பினேன். அதே வெள்ளை, அதே வாசனை. விஷமில்லை, நீங்களே பரிசோதித்திருப்பீர்கள். நண்பகல் வகுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அவள் அலுத்துக்கொண்டபோது, "நீயே எடுத்துக்கோடி, பசங்க உன்னைத்தான் கேக்குதுங்க," என்றேன். அது உண்மைதான்.

மூன்றாம் வருட அச்சில் வித்தியாசம் தெரிந்தது. நான்காம் வருடம் எங்கள் படம் விளம்பரமாகப் பேருந்துகளின் பக்கவாட்டில் போனது. அவள் நடுத்தெருவில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். "அக்கா, உன் பக்கத்துல உன் அம்மா மாதிரி நிக்கிறேன் பாரு."

அந்த வருடம்தான் அவள் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி வந்தது. "ஓரமெல்லாம் பிசிறா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டட்டுமாக்கா?"

வெயிலில் என்ன பூசுகிறாய் என்று டாக்டர் கேட்பார். "வயசானா வர்றதுதான்டி, அதுக்குப் போய்," என்று சொல்லி, நீரில் கரையாத பவுண்டேஷனால் நானே மறைத்துவிட்டேன். தினமும் காலையில், பதினோரு மாதம். புற்று என்று தெரியுமா என்கிறீர்கள். ஐந்தாம் மாதமே தெரியும். கம்பெனியின் ஐந்தாம் வருடக் கடைசிப் படத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அது எடுக்கும்வரை அவள் டாக்டரிடம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

இறப்பதற்கு முந்தைய நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீ மட்டும் எப்படிக்கா அப்படியே இருக்க? உன் கிரீமை எனக்கும் கொஞ்சம் போடேன்."

கம்பெனி விதிப்படி அது கூடாது. இருந்தும் போட்டேன். தேய்க்கவில்லை, விரல் நுனியால் ஒற்றி ஒற்றி, காதோரம் வரைக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டு எதையும் நான் மாட்டேனென்று சொன்னதில்லை.