கிணறு வற்றினால் காணி வேண்டாம்

கலேவெலவில் ஸஹாப்தீன் நானாவின் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிய பிளேன்டீக்குத் தனி ருசி, ஐயா. அதைக் குடித்துக்கொண்டுதான் அவருடைய காணியை நான் வாங்குவதாகப் பேசி முடித்தோம். அவர் மனைவி றாபியாவுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வசதியாகக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடிபோக வேண்டும். காணி விலைப்பட்டால்தான் அது நடக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் வாங்குவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். அது நிறைவேற இரு தரப்பும் மனசார ஒத்துழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிய நொத்தாரிசு ஒரு வரி சேர்த்தார். அப்படி ஒரு வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும்.

பிறகு சீகிரியாவில் ஹோட்டலுக்குத் தோதான காணியொன்று வந்தது. வாக்கு மாறினால் பள்ளிவாசலில் நானாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் வேலிக்கு இப்பால் என் தோட்டத்தில் குழாய்க் கிணறு இருக்கிறது. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான். மோட்டரைப் போட்டேன், நிறுத்தவில்லை.

நானா என்னிடமே வந்தார்.

“தண்ணி எறங்கிட்டே போகுது தம்பி. ஊத்து அடைச்சிருக்கும் போல. மிச்சத்த எறைச்சிட்டு சேத்த அள்ளிப் பாக்குறேன். ஒங்கட பெட்ரோல் பம்ப தாங்களேன்.”

கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது என் பழக்கமில்லை. கொடுத்தேன்.

“பைப் எட்டல்ல. கெணத்துக்குள்ள படியில எறக்கி வைக்கவா?”

“வைங்க நானா” என்றேன்.

என் ஆள் றினோஸ் உங்கள் விசாரணையில் சொன்னது உண்மைதான். போன வருடம் அவன் அதே பம்பைக் கிணற்றுக்குள் வைத்து, புகையில் மயங்கி விழுந்தான். கயிறு கட்டித் தூக்கியவன் நான். அதை நானாவிடம் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஊற்று திறந்துவிட்டால் காணியை வாங்க வேண்டுமே. வேலியருகில் நின்றேன். அவருடைய இருமல் கேட்டது. பிறகு பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. கயிறு என் கொட்டகையில்தான் இருந்தது.

நானாவின் ஜனாஸாவை அடக்கம் செய்ததும் மோட்டரை நிறுத்தினேன். கிணற்றில் தண்ணீர் மெதுவாக ஏறியது. அதற்குள் ஆகஸ்ட் தவணை முடிந்துவிட்டது.

ஆறுதல் சொல்லப் போனேன். கணவனை இழந்தவர் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் றாபியா கதவுக்குப் பின்னால் இருந்தே பேசினார்.

“தம்பி, குடுத்த வாக்க எங்களால காப்பாத்த முடியாமப் போச்சு. மனசுல வெச்சிக்காம மன்னிச்சிடுங்க.”

பாவம், அவர் என்ன செய்வார். மன்னித்துவிட்டேன், ஐயா.