ஆயுத பூசைக்கு வைத்த கியர்பெட்டி

மாண்பும் மதிப்பும் மிக்க மன்றத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை அவர்களே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்து முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! வடை சுட்ட கை ஆறுமுன்னே வந்தமர்ந்த தாய்மார்களே! மண்டபத்தின் கோடியிலே, ஒலிபெருக்கிக் கருவிகளின் முன்னே, என் முகத்தைப் பார்க்காமல் விசைகளையே பார்த்திருக்கும் தம்பி சயன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த இராஜசிங்கத்தின் தலைதாழ்ந்த வணக்கம். தாழ்ந்தது பணிவினால் அல்ல, வெட்கத்தினால்!

வாணி விழாவிலே கல்வியின் பெருமையைப் பேசச் சொன்னார் தலைவர். பேசமாட்டேன். எவரும் நம்பவே முடியாத கதை ஒன்றைச் சொல்வேன் என்று இந்த மேடையின் மீது சத்தியம் செய்கிறேன்.

என் தங்கையின் மகள், எங்கள் வீட்டிலேயே வளரும் யதுஷாவை அறிவீர்கள். பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்கு ஒன்று அவளிடம் உண்டு. பயப்படாதையுங்கோ அக்கா, கண்ணாடியும் கவசமும் போட்டுக்கொண்டு அனுமதி எடுத்த மைதானத்திலே விளையாடுகிற விளையாட்டு! நாளைக்கு லுசேர்ண் அணியோடு போட்டி. அவளுடைய அணியின் தூண் யார்? மரியதாஸ் அண்ணையின் மகன், இதே சயன். அந்தத் தூண் இந்தக் கிழமை சாய்ந்துவிட்டது. சாய்த்தவன் யார்? சபையோரே, சாய்த்தவன் யார்?

பொறுங்கள், வருகிறேன்.

அந்தத் துவக்கின் வயிற்றுக்குள்ளே ஒரு கியர்பெட்டி. மோட்டர் சுழலும்; பற்சக்கரம் பிஸ்டனைப் பின்னே இழுக்கும்; ஸ்பிரிங் அமுங்கும்; விட்டதும் காற்றுப் பாய்ந்து குண்டு பறக்கும். இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு போதுமா எனக்கு? சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலே தலைமுடி அகலச் சில்லுகளைத் தாலாட்டி வளர்த்த எனக்கு! போன வருடம் இதே மேடையில், "துருப்பிடித்த தேரைத் தாருங்கள், தொட்டு ஓடவைக்கிறேன்" என்று முழங்கிய எனக்கு!

அவள் கேட்காமலே திறந்தேன். ஐயா, திறந்த வேகத்தில் பழைய ஸ்பிரிங் துள்ளிப் பாய்ந்து, யன்னலைத் தாண்டி, பிரெஞ்சு எல்லையைக் கடந்து, அங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டது! யானையைக் கட்டினாலும் அறாத புதிய ஸ்பிரிங் ஒன்றைப் போட்டேன். மூடப்போகிற நேரத்திலே என் மனைவி சஜீதாவின் குரல்: "இஞ்சேருங்கோ, பூசைக்கு நேரமாச்சு! வைக்கிறதுக்கு என்னவும் இருந்தாக் கொண்டுவாங்கோ."

காரின் திறப்புக்கொத்து, கத்தி, மடிக்கணினி. அவற்றின் நடுவே, திறந்த வயிறோடு கியர்பெட்டி! ஆயுத பூசையிலே ஆயுதத்தை வைக்காமல் வேறெதை வைப்பது? சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். திருநீற்றை அள்ளி அள்ளித் தூவினேன். அப்படியே மூடித் திருகாணிகளை இறுக்கினேன். என்ன தலைவர் அண்ணை, சிரிக்கிறியள்? நீங்கள் வருசாவருசம் மடிக்கணினிக்கு மேலே சூடம் காட்டுறது எனக்குத் தெரியாதோ!

விசையை அழுத்தினேன். முதற்குண்டு பீல் ஏரியைத் தாண்டியது. குறுக்கே வந்த அன்னம் குனிந்து வழிவிட்டது. இரண்டாம் முறை "கிர்ர்ர்..." என்றொரு அலறல்! ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகள் முன்றலில் கோசம் போட்டுக்கொண்டிருந்த நம்மவர்கள் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். குண்டு வரவில்லை. நான் என்ன செய்தேன்? உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மறுநாள் யதுஷா எடுத்தாள். அதே அலறல். பற்றறியை மாற்றினாள். வயரைப் பார்த்தாள். மோட்டர் நன்றாய்ச் சுற்றுகிறது, சுடத்தான் இல்லை. "மாமா, இதைக் கடைசியா ஆர் எடுத்தது?" என்றாள்.

அப்போதுதான் சபையோரே, இந்த வாய், மாலைகள் பல வாங்கிய இந்த வாய் சொன்னது: "சயன்தானே பயிற்சிக்குக் கொண்டுபோனவன்?"

ஒலி குறையுதே... தம்பி சயன், குறைக்காதை அப்பன், இனித்தான் முக்கியமான இடம் வருது.

அவள் அழைத்தாள். கைபேசி ஒலிபெருக்கியில் அவன் குரல்: "நான் ஒழுங்காத்தான் திருப்பித் தந்தனான். ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப அது தானா உடைஞ்சதோ?"

"நம்பாட்டி விடு யதுஷா. நான் இனி வரேல்லை. வேற ஆளைப் பார்."

நான் பக்கத்திலே நின்றேன். கேட்டுக்கொண்டு நின்றேன். தேத்தண்ணியை ஊதிக்கொண்டு நின்றேன்!

புதன்கிழமை அவளே பெட்டியைத் திறந்தாள். பிஸ்டனின் பற்கள் மழுங்கி மொட்டையாகிக் கிடந்தன. கிறீஸ் எல்லாம் சாம்பலும் சிவப்புமாய்க் குழைந்திருந்தது.

"மாமா, இது என்ன வாசம்?"

"எந்த வாசம் பிள்ளை?"

"சந்தனம்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மரியதாஸ் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போறவர். அவையின்ர வீட்டில திருநீறு இருக்கோ மாமா? சயன் ஆயுத பூசை செய்தவனோ?"

சஜீதா எட்டிப் பார்த்தாள். "மணிக்கூட்டு மேதை! உள்ளுக்கை சம்பல் அரைச்சு வைச்சிருக்கிறார்" என்றாள்.

வன்மையான ஸ்பிரிங் ஒரு பிழை. பொறிக்குள் போன திருநீறு மறு பிழை. அவற்றுக்கு மாற்றுப் பிஸ்டன் உண்டு. பிள்ளை ஒருவனின் பெயருக்கு எந்தக் கடையில் மாற்று வாங்குவேன்? எந்தச் சக்கரத்தைச் சுழற்றி அவன் முகத்தைத் திரும்பப் பெறுவேன்? யதுஷா மன்னிப்புக் கேட்க அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. "பெருமை அடிச்ச மேடையிலேயே போய்ச் சொல்லுங்கோ மாமா, அங்கை அவன் கேட்டுத்தான் ஆகவேணும்" என்றாள்.

சயன்! உன் விரல் நகம்கூட அந்தப் பிழையில் படவில்லை. மரியதாஸ் அண்ணை, உங்கள் பிள்ளை மீது பழி போட்டவன் நான். நாளைக்குப் போ அப்பன். எனக்காக வேண்டாம், அவள் உனக்காக ஓரிடம் விட்டு வைத்திருக்கிறாள்.

என்ன? சத்தமாச் சொல்லு தம்பி, எல்லாரும் கேக்கட்டும்!

"பிஸ்டன் மாத்தியாச்சோ எண்டு கேக்கிறன்!"

மாத்தியாச்சு! யதுஷாதான் மாத்தினவள். நான் அந்த அறைக்குள்ளேயே போகேல்லை!

கை தட்டாதீர்கள் சபையோரே, எனக்குத் தட்டாதீர்கள். எல்லை தாண்டிய ஸ்பிரிங் பொய். குனிந்த அன்னம் பொய். ஜெனீவாவில் கேட்ட அலறல் பச்சைப் பொய். "சயன்தானே பயிற்சிக்குக் கொண்டுபோனவன்" என்று ஒரு சின்னஞ்சிறு வரியால் நான் பழி போட்டது மட்டும், கூட்டாமல் குறைக்காமல், உண்மை.

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. குனிந்த தலை குனிந்தபடியே வணக்கம்.