இருநூற்றைம்பது சிசி போதும்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சார். அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். வாழ்நாள் முழுக்க ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன், பழுதைப் பார்த்தால் வாய் சும்மா இருப்பதில்லை.

என் மருமகன் செத்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? முதலில் இஞ்சின் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

மண் தடத்தில் பந்தயம் விடுகிற நாலு சக்கர பைக்குக்கு நாலு ஸ்ட்ரோக், இருநூற்றைம்பது சிசி போதும். எடை குறைவு. உடம்பைச் சாய்த்தால் நாய்க்குட்டி மாதிரி கூடவே திரும்பும். இருக்கிற சக்தியைச் சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்து ஓட்டலாம். பெரிய இஞ்சின் வாங்குகிறவன் பாதியைப் பயன்படுத்துவான், மீதியைப் பற்றிப் பேசுவான். என் வண்டி ஒருமுறை வளைந்த வேகத்தில் என் முதுகை நானே பார்த்தேன். நம்பாதவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் பெரிய இஞ்சின்காரர்கள்.

மருமகன் எழுநூறு சிசி வாங்கினான். பல் டாக்டர். அடுத்தவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவனுக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை. அவன் ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தெருவில் பால் திரிந்துவிடும். ஞாயிறுதோறும் தடத்தில் எல்லார் முன்னாலும் என் வண்டியைத் தட்டி, "மாமா, இந்தத் தையல் மெஷின்ல ஒரு பட்டன் தைச்சுத் தருவீங்களா?" என்பான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். மாப்பிள்ளை அல்லவா.

ஒரு மத்தியானம், ஒர்க்‌ஷாப்பில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"மாமா, வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் அடக்கி வைங்க. வெளிய தெரிய வேணாம்."

ஆக்சிலேட்டர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதை உள்ளே முடுக்கினால், கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் பாதியில் முட்டி நின்றுவிடும். பிள்ளைகள் ஓட்டப் பழகும்போது அப்படி வைப்பார்கள். முடுக்கிக் கொடுத்தேன். அன்றே என் கட்சி ஜெயித்துவிட்டது, சார். ஆனாலும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் தையல் மெஷின். அதையும் பொறுத்திருப்பேன். அரை இஞ்சினில் ஓடுகிற அந்த ஆள், தடத்துச் சங்கத்தில் பேசி, சின்ன இஞ்சின்களுக்கென்று இருந்த தனிப் பந்தயத்தையே எடுக்க வைத்துவிட்டான். இனிமேல் எல்லாருக்கும் ஒன்றுதான்; மாமா வேண்டுமானால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று என் மகள் எதிரிலேயே சொன்னான்.

நான் பெயர் கொடுத்தேன். பந்தயத்துக்கு முன்னால் வண்டியை ஒருமுறை பார்த்துவைக்கச் சொல்லி அவனே என்னிடம் விட்டுப் போனான். ஸ்க்ரூவைப் பின்னுக்குத் திருகினேன். அவ்வளவுதான். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தானே, அந்த வண்டியைத்தான் அவனுக்குக் கொடுத்தேன்.

அவன் விரல் முட்டும் வரை அழுத்தப் பழகியிருந்தது எனக்குத் தெரியும். புறப்படும்போது நெரிசல், அழுத்த இடமிருக்காது. முதல் ஏற்றத்தில்தான் அழுத்துவான் என்பதும் தெரியும். பின்னாலேயே போனேன். ஏற்றத்தின் நடுவில் வண்டி முன்சக்கரங்களைத் தூக்கி, செங்குத்தாக நின்று, அவன் மேல் மல்லாந்தது. அந்த இடுக்கில் நான் ஒதுங்கிப் போக முடிந்ததற்கு என் வண்டியின் எடை குறைவுதான் காரணம். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுத்தச் சொல்லிக் கொடி காட்டினார்கள். கடைசிச் சுற்று வரை ஓட்டினேன். எனக்கு முன்னால் யாருமில்லை. பின்னாலும் யாருமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் நின்றிருந்தாள். அழவில்லை.

"நான்தாம்ப்பா அவரை உங்ககிட்ட அனுப்புனேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பா கையில குடுத்தா பத்திரமா இருக்கும்னு சொன்னேன்."

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சார். பெரிய இஞ்சின் ஆகாது என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. அவள் முதலிலிருந்தே என் கட்சி. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஒரே கட்சிக்காரர்களுக்குள் பேச என்ன இருக்கிறது?