சந்தனம் காய்ஞ்ச துவக்கு

இல்லைத் தம்பி, இப்பவே கழட்டவேணுமெண்டில்லை. ஆறுதலா வைச்சுப் பாருங்கோ. எனக்கென்ன அவசரம்? கார்ல்ஸ்ரூஹவில துவக்குத் திருத்துற கடையில ஒரு தமிழ்ப் பெடியன் நிக்கிறான் எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான். ஜெர்மன்காரனோட இதெல்லாம் கதைக்க ஏலாது.

பிரச்சினை என்னெண்டா, இந்தத் துவக்கின்ர லீவரை முழுசா இழுத்து விடுறன், ரவை பாதியில நிண்டிடுது. மேல ஏறுதேயில்லை. போன சனி குறிபாத்துச் சுடுற கிளப்பில எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கத் திரும்பத் திரும்ப இழுத்து, சீ எண்டு போச்சு. கிழவன் அரைவாசிதான் இழுக்கிறான் எண்டு நினைச்சிருப்பாங்கள். இவ்வளவு வருசமாச் சுடுறன், எனக்கு லீவர் இழுக்கத் தெரியாதோ?

ஐயோ, கதைச்சுக்கொண்டிருக்கக் கழட்டிப்போட்டீங்களே.

என்னது, மஞ்சளா மாப்போலயோ? காட்டுங்கோ. அது சந்தனம் தம்பி. சிரிக்காதைங்கோ. ஆயுத பூசைக்குக் கமலா வைச்சது, என்ர மனுசி. தையல் மெசின், கார்த் திறப்பு, மிக்சி ஒண்டையும் விடமாட்டா. பெட்டகத்தைத் திறவுங்கோ, உண்மையான ஆயுதம் அதுக்குள்ளயெல்லோ கிடக்கு எண்டு நிண்டா. பொட்டு வைக்கிறதெண்டா மரப்பிடியில வைக்கவேண்டியதுதானே? பக்கத்தில ரவையை உள்ளுக்குத் தள்ளுற மூடி பளபளப்பா இருக்கெண்டு அதில அப்பிவிட்டா. தண்ணியாக் குழைச்ச சந்தனம், உள்ளுக்கு வழிஞ்சு காய்ஞ்சிட்டுதாக்கும். நான் வெளியாலதான் துடைச்சனான்.

ஓ, கமலா இப்ப இல்லைத் தம்பி. பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில விழுந்தவ, எழும்பவேயில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோட மகள் ஆதிரையும் பேர்லினுக்குப் போட்டா, வேலை இருக்கெல்லோ. அழுதழுது எனக்குக் கண்ணும் வத்திப்போச்சு. வீட்டில கதைக்க ஆளில்லை, அதுதான் உங்களோட அலட்டுறன்.

கழுவினாச் சரியோ? அவ்வளவுதானோ? கையோட கொண்டுபோகலாமோ... இல்லையில்லை, அந்த ஸ்பிரிங்கையும் பாருங்கோ. பழசு. ரவை நிக்கிற குழாயையும் பாருங்கோ, நெளிஞ்சிருக்கும். நெளியேல்லையோ? லீவர் ஆணி? அதுவும் நல்லாத்தான் இருக்கோ? அப்ப கழுவிப்போட்டுக் காயவிடுங்கோ. மாசக்கணக்கில கிடந்தாலும் பரவாயில்லை.

விக்கவோ? சீச்சீ, அவ பொட்டு வைச்ச சாமானை என்னெண்டு விக்கிறது.

ஓம், வீட்டில பெட்டகம் இருக்குத்தான். நல்ல பூட்டு. திறப்பு என்னட்டத்தானே. இப்ப கொஞ்ச நாளாத் தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு போய் அந்தப் பெட்டகத்துக்கு முன்னாலதான் கதிரையைப் போட்டு இருக்கிறன். நேற்றுத் திறந்தும் போட்டன். இந்தத் துவக்கோட தனிய இருக்க எனக்குப் பயமாக் கிடக்குத் தம்பி. நான் வந்து கேட்டாலும், இன்னும் திருத்தி முடியேல்லை எண்டே சொல்லுங்கோ.