வாலில் தூர்ந்துபோன வெட்டு

"ஹலோ... ஆமா லெலண்ட், அண்ணன்தான். சத்தமா பேசு, எஞ்சின் ஓடுது... ஆமாம்டா, கையிலதான் இருக்கா. கொழுத்த பொட்டைச் சிங்கி. கடல்ல விடப்போறேன்னு யாரு சொன்னா?... ஓ, பக்கத்துப் படகுக்காரன் ரேடியோவுல போட்டுக் குடுத்துட்டானா."

அமெரிக்காவின் மெய்ன் கரைக்கு வெளியே, நடுக்கடலில், ஹார்லன் ஒரு கையில் சிங்கி இறாலையும் மறு கையில் போனையும் பிடித்திருந்தார். மறுமுனையில் அவர் தம்பி. ஊரில் பிடிபடும் சிங்கியையெல்லாம் வாங்கும் படகுத்துறை அவனுடையது.

"ஆமா... ஆமா... வாலைப் பாத்தேன், வெட்டு இல்ல. வெட்டு இருந்தாத்தான் விக்கக்கூடாது, இல்லன்னா சட்டப்படி விக்கலாம், தெரியும். ஆனா இவ சினையா இருந்தப்ப வால்ல வெட்டுப் போட்டு, முட்டைக்காரின்னு அடையாளம் வச்சு விட்டவனே நான்தான்... எப்படித் தெரியுமா? இடது கொடுக்கு கோணல். அன்னிக்கு வெட்டுப் போடுறப்ப அதாலதான் என் கட்டைவிரலைப் பிடிச்சா. நான் கத்தின கத்துல கனடாப் பக்கம் ரெண்டு கப்பல் திசை மாறிடுச்சு... சிரிக்காத. அதுல ஒரு கேப்டன் இன்னும் என்கூடப் பேசறதில்ல."

"... வெட்டு எங்க போச்சா? தண்ணி சூடாயிடுச்சு, சீக்கிரம் சீக்கிரமா ஓட்டைக் கழட்டுறா. ஒவ்வொரு புது ஓட்டுலயும் வெட்டு தூர்ந்துக்கிட்டே வருது. அது மட்டுமா, ஊர்ப் புகையெல்லாம் கரைஞ்சு கடலே அமிலமாப் புளிச்சுக் கெடக்கு. ஓடு கட்டுறதுக்கே தெம்பெல்லாம் செலவாச்சுன்னா முட்டைக்கு என்னடா மிஞ்சும்?... ஓடு அப்பளமா இருக்கு, லாரியிலேயே சாகுதுன்னு போன வாரம் பொலம்பினது யாரு, நானா?"

"... எல்லாரும் விக்கிறாங்களா? விக்கட்டும்."

ஹார்லன் கேட்டுக்கொண்டே இருந்தார். சிங்கி வாலை அடித்து அவர் முகத்தில் உப்புத்தண்ணீரைத் தெளித்தது.

"ம்... ம்... இவளை விட்டா நாளையிலேருந்து உன் துறையில எனக்கு எடம் இல்ல. இரையும் இல்ல, டீசலும் இல்ல. யோசிச்சுத்தான் சொல்றியா?... சரி. ஒரு நிமிஷம் இரு."

படகோரம் குனிந்து, அவளை நீரில் நழுவவிட்டார்.

"ஹலோ... போயிட்டா. ஒரு நன்றிகூடச் சொல்லல... எங்க விப்பேனா? எதிர்க்கரையில சிங்கி வாங்குற பேர்ல் இருக்காளே... ஆமாம்டா, உன்னை விட்டுட்டுப் போன அதே பேர்ல்தான். நீ என்னிக்காவது இப்படி மிரட்டுவேன்னு தெரியும், நேத்தே பேசி முடிச்சாச்சு... நீ விசாரிச்சன்னு சொல்லட்டுமா?... ஹலோ?... லெலண்ட்?..."